விடுபட்ட எஃப்சீக்

"இந்தத் தடவையும் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருக்கு. வேலை தேடுறவங்களே இல்லாமப் போயிட்டாங்களா?" என்று மேலாளர் கேட்டார். எதிரே நின்ற புரோகிராமர் முகத்தில் ஈயாடவில்லை.

"வந்தது முப்பத்திநாலு சார். கிடைச்சதுன்னு அத்தனை பேருக்கும் மெயில் போயிருக்கு. நம்ம புரோகிராம்தான் அழிச்சிடுச்சு."

"புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

"சி-ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதினது சார். விண்ணப்பம் வர்றப்பல்லாம் ஃபைலைத் திறக்குது. திறந்ததும் எழுதற இடம் ஆரம்பத்துல நிக்கும். எஃப்சீக்னு ஒரு கட்டளை போட்டு அதைக் கடைசிக்கு நகர்த்திட்டுத்தான் எழுதணும். அந்த ஒரு வரி விட்டுப்போச்சு. அதனால ஒவ்வொருத்தரோட விண்ணப்பமும் முன்னாடி வந்தவரோடது மேலயே பதிவாயிருக்கு. கடைசியா வந்தது மட்டும்தான் மிச்சம்."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"ரொம்ப நாளா சார்."

அவள் அடையாள அட்டையின் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவருக்குப் பாவமாக இருந்தது.

"சரி, விடுங்க. நீங்க எழுதினதுல இருந்த தப்பை நீங்களே கண்டுபிடிச்சிருக்கீங்க. திருத்திடுங்க."

"திருத்திட்டேன் சார். ஆனா அதை எழுதினது நான் இல்ல. நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்தது."

"அப்புறம் ஏன் இப்படி வெலவெலத்துப் போயிருக்கீங்க?"

"போன வருஷம் உங்களுக்குக் கிடைச்ச ஒரே விண்ணப்பம் என்னோடது சார்."

மேலாளர் அவளையே பார்த்தார். "சொல்லாமலே திருத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"காலையிலேருந்து அதைத்தான் சார் யோசிச்சிட்டிருந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "அந்த முப்பத்திநாலு பேரையும் வரச் சொல்லுங்க. நேர்காணல்ல கேள்வி கேட்கப்போறது நீங்கதான்."