மூடியில் ஒரு பெயர்

ஜன்னல் வெயிலில் தேக்குத்தூள் மிதக்கிறது. ஈஸ்வரமூர்த்தி மகளின் கல்யாண நகைக்கென்று போன தை மாதம் சாமுவேல் தன் மரப்பட்டறையில், இதே செதுக்கு இயந்திரத்தில் அவள் பேரை வெட்டிக் கொடுத்த பெட்டி. மகள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "பேரை எடுத்துப்போடுங்க" என்று தொண்டாமுத்தூரிலிருந்து மூடியோடு வந்து நிற்கிறார் ஈஸ்வரமூர்த்தி. கம்ப்யூட்டர் சொல்லும் தடத்தில் கத்தி வீறிட்டுக்கொண்டு பலகையைச் சீவுகிறது. ஆழமாக வெட்டிய எழுத்து; சீவச் சீவ மெலிகிறதே தவிர அழியக் காணோம். மூன்றாம் தடவையும் 'வர்ஷினி' மயிரிழையாகத் தெரிகிறது. சாமுவேல் இயந்திரத்தை நிறுத்துகிறான். "இன்னும் எடுத்தா ஓட்டையாயிருமுங்க." அவர் தூளை ஊதிவிட்டு, முதலெழுத்திலிருந்து கடைசிவரை விரலால் தடவுகிறார். "ஓட்டையானா ஆகட்டுங்க" என்கிறார். விரலை மட்டும் எடுக்கவில்லை.