ஐந்தாவது பிக்குவின் கால்

நான்கு பிக்குகளின் கால்களைக் கழுவியாகிவிட்டது. ரன்பண்டா இன்னும் குந்தியபடியே இருந்தார்.

ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று கும்பிட்டிருக்க வேண்டும். எழ முடிந்தால்தானே.

மனைவி இறந்து ஓராண்டு நிறைவில் பிக்குகளுக்குச் சோறிடும் தானம் இது. வீட்டுத் தலைவன் கையால்தான் கால் கழுவ வேண்டும். தம்பியிடம் விட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

பந்தலில், மகள் நிலுகாவைப் பெண் கேட்டு மதவாச்சியிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். சிறுநீரகம் கெட்ட வீடு என்று தெரிந்தால் சோற்றில் கைவைக்காமல் போய்விடுவார்கள். ஊரில் அப்படி இரண்டு கல்யாணம் நின்றிருக்கிறது.

இந்த அரைமணி நேரத்துக்காக மூன்று நாள் வயலுக்குப் போகாமல் உடம்பில் தெம்பைச் சேர்த்து வைத்தார். டாக்டர் சொன்னபடி, ஒரு மாதமாய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தினம் பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அது கைவந்துவிட்டது.

தரையிலிருந்து எழுவது வேறு என்று இப்போதுதான் தெரிந்தது.



துண்டோடு பக்கத்தில் நின்ற தம்பி திலகரத்ன குனிந்தான். அண்ணனின் நோய் அவனுக்கும் தெரியாது.

"என்னண்ணே, வாசல்லயே குடியிருக்கப் போறீங்களா?"



முதலில் வர வேண்டிய மூத்த பிக்கு, பெரிய தேரர், மெல்ல நடந்து கடைசியாகக் கால் கழுவும் கல்லின்மேல் ஏறினார். ரன்பண்டா குடத்தைச் சாய்த்தார். கை நடுங்குவது தெரியாதிருக்கக் காலை இறுக்கிப் பிடித்துத் தேய்த்தார்.

தேரரின் வீங்கிய கணுக்காலில், தன் கட்டைவிரல் அழுத்திய இடத்தில் குழி விழுந்திருந்தது. அது மேலெழவில்லை.

விடிந்ததும் தன் கணுக்காலில் தினமும் அழுத்திப் பார்க்கிற குழி.

தம்பியின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி அந்தக் காலை மூடினார். நிமிர்ந்தார். தேரர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோளைக் குடுங்க உபாசகரே," என்றார் தேரர், பந்தல்வரை கேட்கும்படி. "வயசாச்சு. தனியா படி ஏற முடியல."

தேரரின் கை தோளில் விழவில்லை. அக்குளுக்குள் புகுந்து மேலே இழுத்தது. இழுத்த கையும் நடுங்கியது. ரன்பண்டா மறுகையால் வாசல் நிலையைப் பற்றினார். முழங்கால் ஒருமுறை மடங்கியது. பிறகு நின்றது.

"சாது, சாது" என்று பந்தல் முழுவதும் குரல் எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பி நின்றார்.

படியேறும்போது தேரர் எங்கோ பார்த்தபடி முணுமுணுத்தார்.

"உங்களுக்குக் கிளினிக் என்னைக்கு? எனக்கு வியாழன்."