குமாரசாமியின் குரல்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெய்வம்மா கண்களை மூடிக் காத்திருந்தாள்.

ஊட்டியில் அந்தக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கல்லூரியின் பழைய படங்களோடு, மலையில் உழைத்தவர்களின் குரல்களையும் அங்கே பதிவு செய்து வைத்திருந்தார்கள். தெய்வம்மாவின் அப்பா குமாரசாமியும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் உட்கார்ந்து பேசியவர்தான். சிலோனிலிருந்து வந்து முப்பது வருடம் எஸ்டேட்டில் பாடுபட்ட மனிதர். போன மாதம் தவறிவிட்டார்.

அவர் குரலைக் கேட்கத்தான் ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு, கோத்தகிரியில் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"ஒண்ணும் கேக்கலீங்க மேடம்."

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹன்னா கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா பேசினது இல்லீங்க. மெஷின் கோளாறு. அழிஞ்சுபோச்சு."

தெய்வம்மா சண்டை போடவில்லை. அம்மாவைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேட்டாள். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

"என்னைப் பெத்ததுல அம்மா போயிட்டாங்க. அது மட்டுந்தானுங்க தெரியும்."

இதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று ஹன்னாவுக்குப் பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்து, குமாரசாமி பேசியதைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அன்று விடியும்போதே மழை. அம்மாவுக்கு வலி எடுத்து மத்தியானம் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. எஸ்டேட் ஜீப் ஷெட்டில்தான் நின்றது. சாவி ஆபீஸ் கிளார்க்கிடம் இருந்தது. மானேஜர் துரை ஊரில் இல்லை, அவரைக் கேட்காமல் தர முடியாது என்றார் கிளார்க். குமாரசாமி காலில் விழுந்தார். கிளார்க் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலு பேர் அவளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். பாதி வழியில் அரவேணு வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே ஒரு டீக்கடைக்குப் பின்னால் பிள்ளை பிறந்தது. அம்மா பிள்ளையை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டாள். மூக்கைத் தொட்டுப் பார்த்து, அப்படியே உங்க மூக்கு என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள்.

ரத்தம் நிற்கவில்லை. ஜீப்பில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

தெய்வம்மா நாற்பது வயதுப் பெண். மூக்கைத் தொட்டுக்கொண்டே சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

"அப்ப என்னாலே இல்லீங்களா மேடம்?"

"உங்களாலே இல்லீங்க."

வெகு நேரம் கழித்து, அந்த கிளார்க்கின் பெயரை அப்பா சொன்னாரா என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றாள் ஹன்னா.

கிளம்பும்போது தெய்வம்மா ஹன்னாவின் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மெஷின் போனாப் போவுதுங்க. எங்கப்பா சொன்னதை ஒண்ணு விடாம மனசுல வெச்சிருக்கீங்களே. நீங்க நல்லா இருக்கோணும்."

அவள் படியிறங்கிப் போகும்வரை ஹன்னா அந்தக் கைகளை மேசைமேல் அப்படியே வைத்திருந்தாள்.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழிப்பதற்கு முன்னால் அந்தப் பதிவை ஹன்னா பதினோரு முறை கேட்டிருந்தாள். பதினோரு முறையும் குமாரசாமி நிதானமாக, ஒரு வசவு வார்த்தை இல்லாமல், அந்தப் பெயரைச் சொன்னார்.

கிளார்க் தேவநேசன்.

ஹன்னாவின் அப்பா. இந்நேரம் லவ்டேல் வீட்டில், மகள் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருப்பார்.