மாதா செய்த புதுமை

“கட்டுன பொண்டாட்டி போயிட்டா, ஒத்த சொட்டுக் கண்ணீர் வருதா பாருங்க இவனுக்கு” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பிலோமினா பொருமினாள். உள்ளே அவளுடைய ஒரே மகள் மரியசெல்வி காலராவில் செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மருமகன் ரோச் தூணில் சாய்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை ஏற்றுகிறவன். எப்போதுமே வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவன் போலத்தான் இருப்பான்.

எமர்ஜென்சி போட்ட வருஷம் அது. ஐப்பசி மழையோடு காலரா ஊருக்குள் நுழைந்ததுமே டாக்டர் ஜெயசிங் மரியசெல்விக்குத் தடுப்பூசி போட்டுவிட்டார்.

“உங்க மகளுக்கு இருக்குறது, உடம்பே தன் மூட்டுகளைக் கடிக்கிற வியாதி. அதுக்கு அவ சாப்பிடுற இந்த மாத்திரை உடம்போட பல்லைக் கட்டிப் போடுது. ஆனா ஊசி பலிக்கணும்னா அந்தப் பல்லு வேணும். ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்துங்க. வலி உயிரை எடுக்கும், பொறுத்துக்கிடணும்” என்றார். மாத்திரைப் புட்டியை வாங்கி ரோச்சின் கையில் கொடுத்தார்.

மூன்று நாள் மரியசெல்வி பாயில் கிடந்து கதறினாள். பிலோமினா மாதா கோயிலுக்கு ஓடி, முட்டுக்குத்தி அழுது நேர்ந்துகொண்டாள். நாலாம் நாள் மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் மீன் கழுவினாள்!

“மாதா புதுமை செஞ்சிட்டா” என்று அந்த அற்புதத்தைத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள் பிலோமினா. மூட்டுவலிக்காரிகள் வந்து மரியசெல்வியைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். “டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லட்டாம்மா?” என்று மகள் கேட்டதற்கு, “ஏளா, மாதா காரியத்துக்கு டாக்டர்ட்ட உத்தரவு கேக்கணுமா?” என்று அடக்கிவிட்டாள்.

இப்போது டாக்டர் வெளியே வந்ததும் அவர் மேல் பாய்ந்தாள். “ஊசியில தண்ணியத்தான ஏத்துனிய?”

“அதே புட்டி மருந்தைத்தாம்மா உங்க தெருவுல நாப்பது பேருக்குப் போட்டேன். ஒருத்தருக்கும் வரலையே.”

“மாதா என் பிள்ளை வலிய எடுத்தா. நீரு உயிர எடுத்துட்டீரு.”

டாக்டர் நிமிர்ந்தார். “வலியை எடுத்தாளா? மாத்திரை இல்லாமலா?”

“நாலாம் நாள்லேருந்து ஒரு முனகல் கெடையாது” என்றாள் பிலோமினா. அந்தத் துக்கத்திலும் அவள் குரலில் பெருமை போகவில்லை.

டாக்டர் ரோச்சைத் திரும்பிப் பார்த்தார். ரோச் தூணை விட்டு நகர்ந்து பிலோமினாவின் முன்னால் வந்து நின்றான்.

“அவ கதறுறத என்னால தாங்க முடியல மாமி. மூணாம் நாள் ராத்திரியிலேருந்து மாத்திரைய தெனமும் காப்பியில கலக்கிக் குடுத்துட்டேன்.”