மூன்று பிரசவம்

போதும்பொண்ணு பிறவியிலேயே கருப்பை இல்லாதவள். அவளுடைய அம்மா பேச்சியம்மாளின் கருப்பையை நாளைக்கு அவளுக்குப் பொருத்தப் போகிறார்கள். மதுரையில் இப்போதெல்லாம் அது அரை நாள் வேலை.

நர்ஸ் ஒரு கருவியைப் பேச்சியம்மாளின் அடிவயிற்றில் வைத்து எடுத்தாள். திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

“கருப்பை நல்லா இருக்கு. நிறைமாசப் பிரசவம் மூணு.”

போதும்பொண்ணு சிரித்துவிட்டாள். “ஒண்ணுதாங்க. எங்க வீட்ல நான் ஒரே புள்ள.”

“மெஷின் தப்பாச் சொல்லாதும்மா. மூணுமே பொம்பளப் புள்ளைன்னு காட்டுது.”

சிரிப்பு பாதியில் நின்றது. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், இனிப் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டு கடைசிப் பெண்ணுக்கு வைக்கிற பெயர் அவளுடையது. ஒற்றைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பெயர் என்று பள்ளிக்கூடமே கேலி செய்தது. வீட்டில் கேட்டால் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

இங்கே அடுப்படி இல்லை.

“ஏம்மா, மத்த ரெண்டு பேரும் எங்க?”

பேச்சியம்மாள் சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

“நீ பொறந்த அன்னைக்கு மட்டுந்தான்டி ஒங்கப்பா ஊர்ல இல்ல.”