மேற்கு மூலைக் காற்றாடி

மின்கம்பங்களைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்கு வீடு கரண்ட் எடுக்கும் காற்றாடி என்று ஆன பிறகு வந்த முதல் ஆடி மாதம். ஊரின் மேற்குக் கடைசியில், எஸ்தர் வீட்டு மொட்டைமாடியில் நின்ற அதிகாரி அளவுக் கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மேற்கு மூலையில காத்து அள்ளுது. ஆனா இங்க வைக்க முடியாதும்மா. கீழே சுவரோரமா வச்சுக்கோங்க."

"அங்க இது சுத்தவே சுத்தாதே சார்!"

"'அவங்க காத்தாடியில பட்டு வர்ற காத்து எங்களுக்கு ஆகாது'ன்னு கிழக்கால இருக்கற பெரிய தெருக்காரங்க மனு போட்டிருக்காங்க. கருவியில காத்துக்கு நூறு மார்க், ஊர் ஒற்றுமைக்கு பூஜ்யம். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

எஸ்தருக்கு உச்சி வரைக்கும் எரிந்தது. பெரிய தெரு மாடிகளுக்குக் கல் உடைத்தே நுரையீரலைப் பறிகொடுத்த அவள் புருஷன் ஞானமுத்து, கீழே மூச்சுக் கருவியோடு கிடந்தான். அதற்குக் கரண்ட் வேண்டும்.

அவள் ஸ்பேனரை எடுத்து, மேற்கு மூலையிலேயே காற்றாடியை முடுக்கினாள். விர்ரென்று சுற்றியது.

"ஆகாதவங்களை மூச்சை அடக்கிக்கச் சொல்லுங்க சார். எப்படின்னு தெரியலைன்னா இங்க அனுப்புங்க, என் புருஷன் சொல்லித் தருவாரு."