திரைக்கு வராத பட்டியல்

நோயாளி ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கணினியிலிருந்து அழிக்கப்பட்டு, பழி நர்ஸின் தலையில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள், அதை யார் அழித்தது என்று காட்டும் கட்டளையைத் தட்டுகிறாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் விரல்கள்மேல் கோடு போடுகிறது. நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் கண்காணிப்பாளர் பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். கறுப்புத் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. “என்னம்மா, ஒண்ணையும் காணோம்?” “திரைக்கு வராது சார். நேரா ஒரு ஃபைல்ல போய்ச் சேர்ற மாதிரி கொடுத்திருக்கேன்.” “ஃபைல் எதுக்கு? சும்மா பார்த்துட்டு விட்டுடலாமே.” அவள் திரும்பவில்லை. அவருடைய மூச்சு கழுத்தருகே கேட்கிறது. “என் பாஸ்வேர்டு இங்க எல்லாருக்குமே தெரியும்மா, அதையும் மனசுல வச்சுக்கோ,” என்கிறார். அவள் இன்னும் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை.